பட்டினி அணியின் ஈரல்

உலக விஞ்ஞானத்துக்கு யாழ்ப்பாணம் செய்த சேவைகளுள் தலையாயது, பட்டினி கிடக்கும் உயிரின் ஈரல் சாப்பிட்ட உயிரின் ஈரலைவிடச் சுறுசுறுப்பாக வேலை செய்யும் என்று நிரூபித்ததாகும். உலகம் இதற்கு இன்னும் நன்றி சொல்லவில்லை. அது உலகத்தின் பண்புக்குறைவு. அரியாலையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையிலே, ஒரு வாடகை வீட்டில் இந்த உண்மை பிறந்தது. பிறந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவள் பாசையூர் செபஸ்தியம்மா. அவளுடைய பெயர் அறிக்கையில் இல்லை. எலிக்கூடு கழுவுகிறவர்களின் பெயரை அறிக்கையில் போடும் வழக்கம் சீமையிலும் இல்லையாம்.

அது எழுபத்துமூன்றாம் ஆண்டு. அரிசி கூப்பனுக்குள் சுருங்கிப் போயிருந்தது. பாண் ரொட்டிக்கு விடியமுன்னமே கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் வரிசை. கொழும்பில் ‘மேலிடம்’ என்று மரியாதையாகச் சொல்லப்படும் இடத்தில் இருந்தவர்கள் வானொலியில் மரவள்ளிக்கிழங்கின் மகிமையைப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்ன சாப்பிட்டுவிட்டு வந்து பேசினார்கள் என்பதை வானொலி ஒலிபரப்பவில்லை.

இத்தகைய நற்காலத்திலேதான் ‘வடபிராந்திய இளம்பிராணிப் போசாக்கு ஆராய்ச்சி நிலையம்’ எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. பெயர்ப்பலகையின் நீளத்துக்கு இடம்விட வேலியில் கதியால்கள் தறிக்கப்பட்டன. ஒழுங்கைக்காரருக்கு அவ்வளவு நீளமான பெயரைச் சொல்லி முடிக்க மூச்சில்லை. ‘எலி வீடு’ என்றே சொன்னோம். நிலையத்தின் பணிப்பாளர் கலாநிதி தில்லைநாதன். சீமையில் படித்து அந்தக் கலாநிதிப் பட்டத்தை வாங்கியவர். ஆவணி வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். வெள்ளெலிகள் கொழும்பிலிருந்து ரயிலில் வந்தன. உள்ளூர் எலிகள் இந்த வேலைக்கு உதவாது என்று கலாநிதி விளக்கினார். அவை ஏற்கெனவே தாங்களாகச் சாப்பாடு தேடப் பழகிவிட்டனவாம்.

ஆராய்ச்சி என்னவென்று அறிய அயல் முழுவதும் துடித்தது. அதை முதலில் கேட்டவர் நிலையத்தின் பிரதம இலிகிதர், அதாவது பெரிய கிளாக்கர், நமசிவாயம். ஒரே இலிகிதரும் அவரே என்பதால் பிரதமர் ஆனார்.

“ஈரல் எண்டது ஒரு கந்தோர், நமசிவாயம்” என்றார் கலாநிதி. “அதுக்குள்ளை வேலை செய்யிற இலிகிதர்மார்தான் நொதியங்கள். உள்ளுக்கு வாறதை வெட்டி, ஒட்டி, மாத்தி, அனுப்பிறது அவைதான். நாங்கள் சாப்பிடுற புரதம் அவையின்ரை சம்பளம். வளருற வயசிலை அந்தச் சம்பளத்தை நிறுத்தினால் வேலை எவ்வளவுக்குப் படுத்துப்போகும்? இதுதான் கேள்வி.”

“எங்கடை கந்தோரிலை சம்பளம் குடுத்தும் படுத்துத்தானே கிடக்குது, சேர்.”

கலாநிதி அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

குட்டி ஈன்ற தாயெலிகள் இரண்டு அறைகளில் வைக்கப்பட்டன. ஓர் அறைக்கு ‘நிறைபுரத அணி’ என்று பெயர். அங்கே மரவள்ளி மாவோடு பால்மாவும் முட்டை வெள்ளைக்கருவும். மற்ற அறை ‘குறைபுரத அணி’. அங்கே மரவள்ளி மா, சீனி, தேங்காயெண்ணெய், உப்பு, விற்றமின். தாய்க்கு என்ன கிடைக்கிறதோ அதுதான் பால்மறந்த பிறகு குட்டிகளுக்கும். குட்டிகள் ஓரளவு வளர்ந்ததும் அவற்றின் ஈரலை எடுத்து, நொதியங்களின் வேலையை அளந்து ஒப்பிடுவது. திட்டம் அவ்வளவு சுத்தமாக இருந்தது. மனிதர்கள் இல்லாத ஊரில் அது பிசகாமல் நடந்திருக்கும்.

கூடு கழுவவும் தீன் வைக்கவும் தேத்தண்ணி போடவும் செபஸ்தியம்மா வந்து சேர்ந்தாள். அவள் மகள் ஸ்ரெல்லாவுக்கு அந்த வாரந்தான் பெண்குழந்தை பிறந்திருந்தது. குழந்தை என்று சொல்வதற்குக் கொஞ்சம் தாராள மனம் வேண்டும். உள்ளங்கையில் கோழிக்குஞ்சை வைத்ததுபோல இருந்தது. ஸ்ரெல்லாவின் புருஷன் கிறகோரி பிறத்தியாரின் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவன். கடல் கொடுத்தால் உண்டு. கரையோரக் கிளினிக்கில் தாதி அருமைநாயகி மிஸி பிள்ளையை நிறுத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். அங்கே வாராவாரம் இலவசமாகக் கொடுக்கும் பால்மா பக்கற்றை ஸ்ரெல்லாவின் மடியில் வைத்தாள்.

“இஞ்சை பார் பிள்ளை, உன்ரை பால் காணாது. உந்த மாதான் இதை ஆளாக்கும். ஒரு கிழமையும் தவறாமல் வந்து வாங்கு. விளங்கிச்சோ?”

ஸ்ரெல்லாவுக்கு விளங்கியது. பக்கத்தில் நின்ற செபஸ்தியம்மாவுக்கு இன்னும் நன்றாக விளங்கியது.

எலி வீட்டில் முதல் நாளே அவளுக்கும் விஞ்ஞானத்துக்கும் கருத்து வேறுபாடு வந்தது.

“ஐயா, அந்தப் பக்கத்துத் தாய் எலி இப்பத்தான் குட்டி போட்டிருக்கு.”

“தெரியும். அதிலையிருந்துதான் ஆராய்ச்சி தொடங்குது.”

“அதுக்கு வெறும் மரவள்ளி மாவோ?”

“வெறும் மா இல்லை. சீனி இருக்கு, எண்ணெய் இருக்கு, விற்றமின் இருக்கு. புரதம் ஒண்டுதான் இல்லை.”

“பிள்ளைப்பெத்தவளுக்கு உதையே ஐயா குடுக்கிறது?”

“செபஸ்தியம்மா, அது பிள்ளைப்பெத்தவள் இல்லை. அது ஆய்வுப் பிராணி.”

“பால் குடுக்கிறதெல்லாம் பிள்ளைப்பெத்தவள்தான்.”

இவ்வாறு ஒரு பெரும் விவாதம் கலாநிதியின் கைக்கடிகாரத்தால் முடிவுக்கு வந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். எலி அறைகளுக்குள் அவர் கால் வைப்பதில்லை. பிராணிகளைக் கண்ணால் கண்டால் அவற்றின் மேல் ஒரு பக்கச் சாய்வு வந்துவிடும், அது விஞ்ஞானத்துக்குக் கேடு என்பது அவருடைய கொள்கை. அறையின் நாற்றமும் அந்தக் கொள்கைக்கு ஆதரவாக இருந்தது.

அடுத்ததாக நல்லூர்த் திருவிழா கொடியேறியது. நமசிவாயம் மிகுந்த ஆசாரசீலர். மற்ற மாதங்களில் அவர் வீட்டுக் குசினியில் என்ன கொதித்தாலும், கொடியேறிவிட்டால் மீன், முட்டை, இறைச்சி எல்லாவற்றுக்கும் பொதுவான ‘மச்சம்’ என்ற சொல்லைக்கூட வாயால் சொல்லமாட்டார். ‘அது’ என்பார். கொடியேற்றத்தன்று காலை கலாநிதியின் மேசை முன்னால் கைகட்டி நின்றார்.

“சேர், நிலையத்துக்குள்ளை ‘அது’ வருகுது.”

“எது?”

“முட்டை.”

“அது எலிக்கு, நமசிவாயம்.”

“எலி பிள்ளையாற்றை வாகனம், சேர். முருகன்ரை கொடியேறி நிக்கேக்கை அண்ணன்ரை வாகனத்துக்கு முட்டை தீத்திறதோ?”

சீமையில் யாரும் தில்லைநாதனுக்கு இந்தக் கேள்வியைப் போட்டதில்லை. வீட்டில் மாமியாரும் விரதம். கடைசியில், விஞ்ஞானம் மக்களின் நம்பிக்கையை மதிக்க வேண்டும் என்று அவர் தீர்ப்பளித்தார். தேர், தீர்த்தம் முடியும்வரை முட்டை நிறுத்தம். நிறைபுரத அணி சைவம். ஈடாகப் பால்மாவைக் கூட்டிக் கொடுப்பது.

இந்தப் பால்மாவுக்கும் ஒரு கதை உண்டு. ஊரில் அது கண்ணுக்குத் தெரியாத காலம். நிலையத்தின் அலுமாரிக்குள் மட்டும் எலிகளின் பெயரில் ரின் ரின்னாக இருந்தது. நிலையத்துக்கு ஓர் ஆலோசனைச் சபையும் இருந்தது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சங்கக்கடைத் தலைவர், வழக்குப் பேசும் ஒரு பிரக்கிராசி என்று எல்லாரும் வீட்டில் பாலில்லாத பிளேன்ரீ குடித்துக் களைத்தவர்கள். அலுமாரிக்குப் பால்மா வந்தநாள் முதல் அவர்களுடைய ஆலோசனைகள் பெருகின. ஒரு கூட்டத்தில் எடுத்த தீர்மானத்தை உறுதிப்படுத்த இன்னொரு கூட்டம். உறுதிப்படுத்தியதை வாசிக்க வேறொரு கூட்டம்.

“செபஸ்தியம்மா, பாலைக் கொஞ்சம் தடிப்பாய்க் கரை” என்பார் நமசிவாயம். “தலைவருக்குத் தண்ணிப்பால் ஒத்துவராது.”

“அப்ப எலியளுக்கு?”

“எலிக்கு ஒத்துவரும்.”

அவள் ஒரு கரண்டி மாவைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போயிருக்கலாம். போகிறாளென்றே அயலில் எல்லாரும் நினைத்தோம். படலையடியில் நின்று கவனமாகப் பார்த்தும் இருக்கிறோம். கொண்டுபோகவில்லை. கேட்டதற்கு, “பேத்திக்குக் கிளினிக்கிலை தருகினம்தானே, பேந்தென்னத்துக்கு உது?” என்றாள். இவ்வளவு பிழைக்கத் தெரியாத ஒருத்தியை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்கு வைத்தது முதல் தவறு.

இரண்டாவது தவறை அவள் செய்தாள். கிறகோரிக்கு அந்த நாட்களில் தொழில் வாய்த்திருந்தது. பிள்ளைப்பெத்தவளுக்குப் பால் ஊறவேண்டுமென்று விடியவே பால்சுறா அவித்து, தோலுரித்து, உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் உள்ளியும் போட்டு வறை செய்வாள். ஸ்ரெல்லாவுக்கு வைத்துவிட்டு, சட்டியில் மிஞ்சியதைத் தன் மதியச் சோற்றோடு ஓலைப்பெட்டியில் கட்டிக்கொண்டு வருவாள். குறைபுரத அணியின் தாயெலிகள் கம்பியில் மூக்கை வைத்துக்கொண்டு பார்க்கும். பாசையூரில் பால் கொடுக்கிறவள் பார்க்க, அவளுக்குக் கொடாமல் சுறா தின்றவர்கள் இல்லை. தின்றால் நெஞ்சில் நிற்குமென்பார்கள். தன் பங்கில் ஒரு பிடியைக் கம்பிக்குள் போட்டாள். குட்டிகள் பால்மறந்ததும் மரவள்ளி மாவில் கூனி இறாலை இடித்துக் கலந்தாள். நிறைபுரத அணிக்குக் கொடுக்கவில்லை. ‘அதுகளுக்குத் தண்ணியெண்டாலும் பால் கிடைக்குது’ என்பது அவளுடைய நீதி.

இப்படியாக, திருவிழாக் காலம் முழுவதும் நிறைபுரத அணி தண்ணிப்பாலில் விரதம் இருந்தது. குறைபுரத அணி சுறா சாப்பிட்டது. பெயர்ப்பலகைகள் மட்டும் மாறவில்லை.

ஈரல் அளக்கும் நாள் வந்தது. மீனுக்குப் போடும் ஐஸ்கட்டி சாக்கில் வந்து இறங்கியது. செபஸ்தியம்மா ஒவ்வொரு குட்டியாகப் பிடித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டுச் சிலுவை போட்டாள். கலாநிதி ஈரல்களை ஐஸில் வைத்து அரைத்து, வடித்து, மருந்து விட்டு, கருவிக்குள் வைத்தார். நொதியம் நன்றாக வேலை செய்தால் நிறம் கடுமையாக வரும், சோர்ந்தால் வெளிறும். நிறைபுரத அணி வெளிறியது. பட்டினி அணி கடுஞ் சிவப்பாக நின்றது.

கலாநிதி கருவியைத் தட்டினார். வயரைக் கழற்றிப் பூட்டினார். குழாயைக் கழுவித் திரும்பவும் அளந்தார். சிவப்பு சிவப்பாகவே நின்றது. கதிரையில் இருந்து நெடுநேரம் முகட்டைப் பார்த்தார். சீமைப் புத்தகங்கள் எல்லாம் இதற்கு எதிர்மாறாகச் சொல்லியிருந்தன. சாதாரண மனிதன் அப்போது எலி அறைக்குள் போய் எட்டிப் பார்த்திருப்பான். கலாநிதி மேதை. சீமைப் புத்தகங்கள் பிழை என்று முடிவு செய்தார்.

“நமசிவாயம், பட்டினி கிடந்த இலிகிதர்மார் இரட்டிப்பு வேலை செய்யினம்.”

“சேர், உதைக் கொழும்புக்கு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. எங்கடை சம்பளத்திலை கைவைச்சிடுவாங்கள்.”

தேத்தண்ணித் தட்டோடு நின்ற செபஸ்தியம்மா வாயெடுத்தாள். “ஐயா, அந்த எலியள்...” கலாநிதி கையை உயர்த்தினார். மேதைகள் கையை உயர்த்தினால் மற்றவர்கள் பிறகு பேச வேண்டும். அவளும் வற்புறுத்தவில்லை. எலியின் ஈரல் நன்றாக இருக்கிறது, ஐயா சந்தோஷமாக இருக்கிறார், இதில் யாருக்கு என்ன நட்டம்?

அறிக்கை கொழும்புக்குப் போனது. பொதுவாக வடக்கிலிருந்து போகும் கடதாசிகளை மேலிடம் பிரித்துப் பார்க்க ஒரு மாமாங்கம் பிடிக்கும். இதை உடனே பிரித்தது. பிரித்த கையோடு ஒரு பிரதிப் பணிப்பாளரை ஜீப்பில் ஏற்றி அனுப்பியது. ஆலோசனைச் சபை மாலையோடு நின்றது. வந்தவர் நன்றாகத் தமிழ் பேசினார்.

“இவ்வளவு காலமும் வெளிநாட்டுச் செலாவணியைக் கொட்டிப் பால்மா வாங்கி, எங்கள் எதிர்காலச் சந்ததியின் ஈரலைச் சோம்பேறி ஆக்கியிருக்கிறோம். அரியாலை எங்கள் கண்ணைத் திறந்துவிட்டது.”

கைதட்டல் வேலிக்கு அப்பால் நின்ற எங்களுக்கும் கேட்டது. திருவிழா முடிந்துவிட்டபடியால் மதிய விருந்தில் நண்டுக்கறி, கோழிப் பொரியல், இறால் வறுவல், முட்டை எல்லாம் இருந்தன. புரதமின்மையின் பெருமையைப் பேசிய வாய்கள் எல்லாம் இரண்டாம் முறை சோறு கேட்டன. கலாநிதிக்கு வெளிநாட்டு மாநாடு ஒன்றில் பேச அழைப்பு வரும் என்று பிரதிப் பணிப்பாளர் நண்டுக் காலைச் சப்பிக்கொண்டே வாக்களித்தார். சமைத்துப் பரிமாறியவள் செபஸ்தியம்மா. யாருடைய ஈரலும் சோம்பேறியானதாகத் தெரியவில்லை என்று பின்னேரம் எங்களிடம் சொன்னாள்.

கார்த்திகையில் வாடை பெயர்ந்தது. மழை, காற்று, வள்ளம் இறக்க வழியில்லை. இறக்கினாலும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இல்லை. கிறகோரி வலையைக் கொட்டிலுக்குள் சுருட்டிவிட்டுக் குந்தியிருந்தான். சுறா கண்ட நாள் மறந்துபோனது. ஸ்ரெல்லாவுக்குப் பால் வற்றியது. மிச்சமிருந்த நம்பிக்கை கிளினிக் பக்கற். வழக்கமான நாளில் செபஸ்தியம்மா பேத்தியைத் தூக்கிக்கொண்டு போனாள். அருமைநாயகி மிஸி ஒரு கடதாசியை நீட்டினாள்.

“பக்கற் எங்கை மிஸி?”

“நிப்பாட்டியாச்சு, செபஸ்தியக்கா. கொழும்பிலையிருந்து சுற்றறிக்கை. முதலிலை எங்கடை கரைப்பக்கத்திலைதானாம் செய்து பாக்கினம். பக்கற்றுக்குப் பதிலாய் இதைக் குடுக்கச் சொல்லியிருக்கு.”

கடதாசியின் தலைப்பிலே ‘மரவள்ளி: வளரும் ஈரலின் தோழன்’ என்று பெரிய எழுத்து. கீழே, கன்று நடும் முறை.

“இதை என்னெண்டு கரைக்கிறது?”

மிஸி சிரிக்கவில்லை. “எனக்குத் தெரிஞ்சால் சொல்லமாட்டனோ? அரியாலையிலை ஆரோ பெரிய படிச்சவர் கண்டுபிடிச்சவராம். மாச்சத்தோடை விட்டால் ஈரல் நல்லா வேலை செய்யுமாம். எலியிலை பாத்ததாம்.”

“எந்த எலியிலை?”

“எலியிலை என்ன எந்த எலி? பட்டினி கிடந்த எலியிலைதான்.”

செபஸ்தியம்மா வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். மிஸி பிள்ளையைத் தராசில் வைத்துப் பார்த்தாள். போன கிழமையைவிடக் குறைந்திருந்தது. “அக்கை, உது இப்பிடியே போனால் நான் ஒண்டும் சொல்லேலாது. மா வர என்ன வழியெண்டு கெதியாய்ப் பாருங்கோ” என்று மெதுவாகச் சொன்னாள்.

மா வருகிற வழி தன் வாயில் இருக்கிறது என்று செபஸ்தியம்மாவுக்குத் தெரிந்தது. நடந்ததைச் சொன்னால் அறிக்கை பிழை. அறிக்கை பிழையென்றால் சுற்றறிக்கை பிழை. சுற்றறிக்கை பிழையென்றால் பக்கற் திரும்பி வரும். எவ்வளவு நேரான கணக்கு. கந்தோர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

நேரே எலி வீட்டுக்கு வந்து கலாநிதியின் அறைக்குள் போனாள்.

“ஐயா, ஒண்டு கதைக்க வேணும்.”

“தேத்தண்ணி பிறகு கொண்டுவாரும்.”

“தேத்தண்ணி இல்லை ஐயா. சுறா.”

“இப்ப எனக்குப் பசியில்லை.”

“உங்களுக்கு இல்லை. எலியளுக்கு. குறை அணியெண்டு சொன்னியளே, அதுகளுக்கு நான் சுறா குடுத்தனான். பேந்து கூனியும் குடுத்தனான். நிறை அணியின்ரை பாலிலைதான் சபைக்குத் தேத்தண்ணி போட்டது. ஈரல் சிவந்தது பட்டினியாலை இல்லை ஐயா, சுறாவாலை. அதைக் கொழும்புக்கு எழுதிவிடுங்கோ. எங்கடை பிள்ளையளுக்கு மாவை நிப்பாட்டிப்போட்டாங்கள்.”

கலாநிதி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து இருந்தார். முகத்தில் ஒரு விஞ்ஞானியும் ஒரு பயணியும் மல்லுக்கட்டினார்கள். விஞ்ஞானி முதலில் பேசினார்.

“பால்சுறாவா, வேறை சுறாவா?”

“பால்சுறா.”

“ஒவ்வொரு நாளுமா?”

“கிறகோரி கொண்டுவந்த நாளெல்லாம்.”

விஞ்ஞானியின் கண்கள் ஒரு கணம் மின்னின. சீமைப் புத்தகங்கள் சரிதான். நிறைபுரதம் உண்டவை சிவந்திருக்கின்றன, குறைந்தவை வெளிறியிருக்கின்றன. பலகையை மாற்றி வைத்தால் அழகான முடிவு. பிறகு மாநாட்டுக்குப் போகும் பயணி எழுந்து விஞ்ஞானியைக் கதிரையில் அமர்த்தினார்.

“செபஸ்தியம்மா, நீர் சொல்லுறது ஒரு செவிவழிச் செய்தி.”

“என்ரை கையாலை குடுத்தது ஐயா.”

“அதுக்குச் சாட்சி?”

“எலியள்தான்.”

“அவையின்ரை ஈரலைத்தான் நாங்கள் ஏற்கெனவே விசாரிச்சிட்டமே” என்றார் கலாநிதி துயரத்துடன்.

ஆனாலும் அவர் நேர்மையானவர். விடயத்தை மூடி மறைக்கவில்லை. ஆலோசனைச் சபைக்குக் கொண்டுபோனார். அவசரக் கூட்டம் கூடியது. அலுமாரியில் கடைசி ரின் திறக்கப்பட்டது. செபஸ்தியம்மாவைக் கூப்பிட்டு நிற்கவைத்தார்கள். அவள் நடந்ததைத் திரும்பவும் சொன்னாள். முதலில் வாய் திறந்தவர் நமசிவாயம்.

“எப்ப குடுத்தனீ? கொடியேறி நிக்கேக்கையோ?”

“ஓம், கிளாக்கர் ஐயா.”

“இந்தக் கட்டடத்துக்குள்ளையோ?”

“ஓம்.”

நமசிவாயம் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தார். அதற்குப் பிறகு நொதியத்தை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. திருவிழாக் காலத்தில் நிலையத்துக்குள் மச்சம் வந்தது எப்படி, எந்த வாசலால் வந்தது, எந்த இடத்தில் வைக்கப்பட்டது, அந்தப் பாத்திரத்தைக் கழுவிய கையாலா சபைக்குத் தேத்தண்ணி போடப்பட்டது என்று விசாரணை ஆழமாகப் போனது. பிரக்கிராசி குறுக்கு விசாரணை செய்தார். தலைமையாசிரியர் தான் குடித்த தேத்தண்ணிகளை எண்ணி வெளிறினார். நிலையத்தை மஞ்சள் தண்ணீரால் கழுவ வேண்டும் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செபஸ்தியம்மா பொறுத்துப் பார்த்தாள்.

“ஐயாமாரே, கழுவுறதை நானே கழுவிவிடுறன். மா எப்ப வரும்?”

சபைக்கும் தலைவரான சங்கக்கடைத் தலைவர் தொண்டையைச் செருமினார். சங்கக்கடையில் இல்லை என்று சொல்லிப் பழகிய குரல் அது. சுற்றறிக்கையைத் திருப்பி எடுக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினால், மேலிடம் தவறு செய்ததென்று பொதுமக்கள் மயங்கக்கூடும். பொதுமக்களை மயக்குவது சபையின் நோக்கமல்ல. ஆனால் விஞ்ஞானத்தில் ஒரு சந்தேகம் எழுந்துவிட்டபடியால் மீள்பரிசோதனை செய்தே தீரவேண்டும். எலிகளை இனி நம்ப முடியாது. யாராவது இரக்கப்பட்டு எதையாவது போட்டுவிடுவார்கள்.

அப்போதுதான் கலாநிதிக்கு இரண்டாவது முறையாக ஒளி தோன்றியது. கரையோரத்தில் பால்மா ஏற்கெனவே நின்றுவிட்டது. வாடைக் காற்றால் மீனும் இல்லை. குறைபுரத அணி தானாகவே அமைந்து கிடக்கிறது. பட்டணத்துக்குள்ளே, சபை உறுப்பினர்களின் வீடுகளில், முட்டையும் கோழியுமாக நிறைபுரத அணி வளர்கிறது. புதிதாக ஒரு சதமும் வேண்டியதில்லை. பிள்ளைகளைக் கிழமைக்கொருதரம் நிறுத்து எழுதினால் போதும்.

“இந்தமுறை ஆரும் களவாய் ஒண்டும் குடுக்கேலாது” என்றார். சபை மேசையைத் தட்டி வரவேற்றது.

செபஸ்தியம்மாவை வேலையால் நிறுத்த வேண்டும் என்று நமசிவாயம் கேட்டார். கலாநிதி பெருந்தன்மையாக மறுத்தார். பிள்ளைகள் பழகிய முகத்திடந்தான் அழாமல் வருவார்கள் என்று, கரையோரத்து அணியைத் தூக்கித் தராசில் வைக்கும் பொறுப்பை அவளுக்கே கொடுத்தார். அது ஒரு பதவி உயர்வு என்றும் சொன்னார்.

மறுநாளே தராசோடு ஜீப் பாசையூருக்கு வந்தது. வேடிக்கை பார்க்கிற சாக்கில் நாங்களும் அரியாலையிலிருந்து நடந்து போயிருந்தோம். தாய்மார் மழையில் நனைந்தபடி வரிசையில் நின்றார்கள். நிறுக்க வந்தவர்கள் மாவும் கொண்டுவந்திருப்பார்கள் என்று நினைத்துக் கையில் பையோடு வந்தவர்களே அதிகம். கலாநிதி குடைக்குள் நின்று ஒவ்வொரு பிள்ளையாக எழுதிக்கொண்டார். இங்கே அவர் பக்கச் சாய்வுக்குப் பயப்படவில்லை. கடற்காற்றில் நாற்றமும் இல்லை.

ஸ்ரெல்லாவின் முறை வந்தது. அவள் பிள்ளையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, “அம்மா, மா தருவினமோ எண்டு ஐயாவைக் கேளுங்கோவன்” என்றாள். செபஸ்தியம்மா பேத்தியைத் தராசில் வைத்தாள். முள் கொஞ்சம் அசைந்துவிட்டு, அசைய வேறொன்றும் இல்லாததுபோல நின்றது. பிள்ளை அழவில்லை. அழுவதற்கும் எதையாவது சாப்பிட்டிருக்க வேண்டும் போலும். எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“ஐயா, ஒண்டு கேக்கலாமோ?”

“கேளும்.”

“எலியின்ரை ஈரலைப் பாக்கிறதெண்டால் எலி சாக வேணும். நான்தானே பிடிச்சுத் தந்தனான். இதுகளின்ரை ஈரலை என்னெண்டு பாப்பியள்?”

கலாநிதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப்பட்டியின் நுனியால் துடைத்தார். நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டார். அது அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் இருப்பதாகவும் சொன்னார்.

நிலையத்தை யாரும் குறை சொல்லக்கூடாது. எந்தப் பிள்ளையின் மேலும் அது கத்தி வைக்கவில்லை. பால்மாவை நிறுத்திவிட்டு, விஞ்ஞானத்துக்கே உரிய பொறுமையோடு, காத்திருந்தது.